எடுபிடி போன வழி

காலம் அழிக்கும். நெருப்பு அழிக்கும். மனித மறதி எல்லாவற்றையும் அழிக்கும். ஆனால் எங்களிடம் ஒப்படைக்கப்பட்டது எதுவும் எந்நாளும் அழிவதில்லை.

இதை, பிறருடைய கோப்புகளைக் கம்ப்யூட்டரில் பாதுகாத்துத் தரும் ஒரு நிறுவனத்தின் வரவேற்பறைச் சுவரில் பித்தளை எழுத்துகளில் பதித்திருந்தார்கள். நேர் கீழே இருந்த சோபாவில் மேடமும் ஸ்டெப்னியும் உட்கார்ந்திருந்தார்கள். முந்தைய நாள் மத்தியானம்தான் அதே நிறுவனம், ஊர் முழுக்கக் கிளை வைத்திருக்கும் ஒரு பல் மருத்துவமனையின் எக்ஸ்ரே படங்களை ஒன்று விடாமல் அழித்துத் தொலைத்திருந்தது.

"மேடம், 'எந்நாளும்'ங்கற இடத்துல 'நேத்து காலை வரைக்கும்'னு ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டிடலாமா?" என்றான் ஸ்டெப்னி.

"வாயை மூடு."

மேடம் துப்பறிவாளர். அவன் அவருடைய உதவியாளன். வண்டியின் பின்னால் கிடக்கும் உபரி டயர் மாதிரி அவசரத்துக்கு மட்டும் எடுக்கப்படுவான், உள்ளே காற்று மட்டும் எப்போதும் நிறைய இருக்கும் என்பதால் அவனுக்கு அந்தப் பெயரை மேடமே வைத்தார். இப்போது அவன் பெற்றோருக்கே நிஜப் பெயர் சட்டென்று வாயில் வருவதில்லை.

மேடம் காலையிலிருந்தே கொதித்துக்கொண்டிருந்தார். வாசலில் காவலாளி கைப்பையைத் திறந்து காட்டச் சொன்னதற்கு, "வெளி ஜிப்பைப் பார்த்துக்கோ. உள் ஜிப்புல கை வெச்சே, அப்புறம் வெக்கறதுக்குக் கை இருக்காது" என்று அவர் போட்ட சத்தத்தில் லிப்ட்டே ஒரு மாடி தாண்டிப் போய் நின்றது. ஸ்டெப்னிக்குக்கூட அந்த உள் ஜிப்பில் என்ன இருக்கிறது என்று தெரியாது. துப்பாக்கி என்று நண்பர்களிடம் சொல்லி வைத்திருந்தான்.

கொதிப்புக்குக் காரணம் காவலாளி அல்ல. எக்ஸ்ரே படங்களை அழித்ததாக நிறுவனம் பழி சுமத்தியிருந்த பெண், மேடத்தின் சொந்த நாத்தனார். இருவரும் நாலு மாதமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

ஸ்டெப்னி பொழுது போகாமல் எதிர்ச் சுவரைப் பார்த்தான். அங்கே ஆளுயரப் புகைப்படம் ஒன்று. கோட்டு போட்ட ஒரு மனிதர் கம்ப்யூட்டர் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒற்றை விரலால் ஒரு பட்டனை அழுத்திக்கொண்டிருந்தார். ஜன்னல் வெளிச்சம் அவர் கன்னத்தில் விழுந்தது. மேசையில் கைப்பிடி உடைந்த ஒரு கோப்பை நிறையப் பேனாக்கள். பின்னால் ஒரு கூட்டம் கை தட்டிக்கொண்டிருந்தது. கீழே, 'எங்கள் தலைமைக் கனவாளர், எளிமை வாரத்தைத் தொடங்கி வைக்கிறார்.'

"ஒரு பட்டன் அமுக்கினதுக்கு இவ்ளோ கைதட்டா? இவர் லிப்ட்ல ஏறினா மேளதாளமே வரும் போல."

"கனவாளர்னா என்னடா வேலை?"

"முதலாளிதான் மேடம். தூங்கறதுக்குச் சம்பளம் வாங்கறவர்னு அர்த்தம்."

அவர்களை அழைத்துப் போக மகிழ்ச்சி அலுவலர் வந்தார். ஊழியர்களின் மகிழ்ச்சிக்குப் பொறுப்பான மனிதர். ஆட்களை வேலையிலிருந்து நீக்குவதும் அவர்தான். இரண்டுக்கும் ஒரே புன்னகையை வைத்திருந்தார்.

"நாங்க யாரையும் நீக்கறதில்ல மேடம்" என்றார் நடந்துகொண்டே. "அவங்க தங்களோட பயணத்தை வேற பாதையில தொடர்றதுக்கு உதவறோம்."

"கழுத்தைப் பிடிச்சுத் தள்றதுக்கு இவ்ளோ நீளமான பேரா?"

அவர் புன்னகை குறையவில்லை. "சாயங்காலம் பல் டாக்டரம்மா வர்றாங்க. அதுக்குள்ள உங்க நாத்தனார் 'தவறு என்னுடையது'ன்னு கையெழுத்துப் போட்டுட்டா கௌரவமா விலகிடலாம். போடலைன்னா, வேணும்னே அழிச்சாங்கன்னு போலீஸுக்குப் போக வேண்டியிருக்கும்."

கையெழுத்துப் போட்டால் இந்தத் தொழிலில் எவனும் அவளுக்கு இன்னொரு நாற்காலி தரமாட்டான். போடாவிட்டால் போலீஸ். ஸ்டெப்னிக்கே சிரிப்பு வரவில்லை.

நாத்தனாரின் மேசை ஜன்னலோரம் இருந்தது. மை தீர்ந்த பேனாக்கள், செத்துப்போன சார்ஜர்கள், ஒற்றைக் கால் போன மூக்குக் கண்ணாடி. அவள் எதையும் தூக்கிப் போடுகிற ரகம் அல்ல. அண்ணியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வந்துட்டீங்களா?"

"கூப்பிட்டது நீதானே?"

"அண்ணன்கிட்ட சொன்னேன். உங்களை அனுப்பச் சொல்லல."

"அப்ப நான் கிளம்பட்டுமா?"

"கிளம்புங்க."

இருவரும் அசையவில்லை. ஸ்டெப்னி ஒரு நாற்காலியை இழுத்து மேடத்தின் முழங்காலுக்குப் பின்னால் தள்ளினான். மேடம் உட்கார்ந்தார், கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"சொல்லு. என்ன நடந்துச்சு?"

"எடுபிடி எல்லாத்தையும் அழிச்சிடுச்சு."

"அது யாரு?"

"யாரும் இல்ல அண்ணி. நான் எழுதின ஒரு புரோகிராம். இந்த ஆபீஸ்ல வேற எந்த புரோகிராமுக்கும் ஒரு ஃபைலைத் தொடத் தெரியாது. எல்லாம் எடுபிடியைத்தான் கூப்பிடும். இந்த ஃபைலை அங்க கொண்டு போய் வை, அந்த ஃபோல்டர் இருக்கான்னு பாரு, இல்லைன்னா உண்டாக்கு, பேரை மாத்து, காப்பி எடு, காலி பண்ணு. சொன்னதைச் சொன்னபடி செய்யும்."

"அப்படியே நான்தான்" என்றான் ஸ்டெப்னி.

"நீ எப்படா சொன்னதைச் செஞ்ச?" என்றார் மேடம்.

நிறுவனத்தின் விளம்பரத் தாளில் இதே எடுபிடிக்கு 'தானியங்கு ஆவண ஆளுகைப் பெருந்தளம்' என்று பெயர். அதை எழுதியவளின் பெயர் அதில் எங்கும் இல்லை.

"தினம் மத்தியானம் எடுபிடி தற்காலிக ஃபோல்டரைக் காலி பண்ணும். அது எங்க குப்பைத்தொட்டி மாதிரி. நேத்து அதுக்குள்ள நான் ஒரு ஷார்ட்கட் வெச்சிருந்தேன், எக்ஸ்ரே ஃபோல்டருக்கு. எப்பவாவது அவசர வேலைன்னாதான் வெப்பேன். அஞ்சாறு மாசத்துல நேத்துதான் மறுபடி வெச்சேன்."

"ஷார்ட்கட்னா?"

"ஃபோல்டரை ஒரு அறைன்னு வெச்சுக்கோங்க. இது அறை இல்ல அண்ணி, வழிகாட்டிப் பலகை. 'எக்ஸ்ரே இந்தப் பக்கம்'னு ஒரு அம்புக்குறி, அவ்ளோதான்."

"பலகையைக் குப்பைல போட்டா ஊரே காணாமப் போயிடுமா?"

"போகக் கூடாது! அதுக்குன்னே ஒரு வரி எழுதி வெச்சிருந்தேன். உள்ள நுழையறதுக்கு முன்னாடி இது நிஜ அறையா, பலகையான்னு பாரு. பலகைன்னா பலகையை மட்டும் எடு, அது காட்டற பக்கம் போகாதேன்னு." அவள் கையை விரித்தாள். "அந்த வரியைக் காணோம். எடுபிடி பலகை காட்டின வழியிலயே நடந்து போய், எக்ஸ்ரே அறையைச் சுத்தமா தொடச்சுட்டு வந்துடுச்சு."

"வேற இடத்துல ஒரு காப்பி எடுத்து வெச்சிருப்பீங்களே?"

"அதை எடுக்கறதும் எடுபிடிதான். காலியான அறையைப் பார்த்தது, அதே மாதிரி அங்கயும் காலி பண்ணிடுச்சு. இனிமே ஒவ்வொரு கிளைக்கும் போய், அவங்க மெஷின்ல மிச்சம் இருக்கறதைப் பொறுக்கணும்."

"வரியை யார் எடுத்தது?"

நாத்தனார் திரையைக் காட்டினாள். எந்த வரியை எப்போது யார் மாற்றினாலும் கம்ப்யூட்டர் தானாகவே பதிந்து வைக்கும். அந்த வரி நாலு மாதத்துக்கு முன்னால் நீக்கப்பட்டிருந்தது. நீக்கியது இந்த மேசையிலிருந்து, இவள் பெயரில்.

"ஒருவேளை நான்தான் ஏதோ ஞாபகத்துல அழிச்சிட்டேனோ என்னவோ."

மேடம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "ஒருவேளையா? எவனோ நாலு தடவை சொன்னா நம்பிடுவியா? நான் ஒரு வார்த்தை சொன்னா மட்டும் ஊரைக் கூட்டத் தெரியும், இங்க ஒருவேளையா?"

"அண்ணி, ஆபீஸ்ல கத்தாதீங்க."

"கத்தறேனா? இது கத்தறதா? ஸ்டெப்னி, நான் கத்தறேனா?"

"இல்ல மேடம். கீழ் மாடியில இருக்கறவங்களோட கொஞ்சம் நெருக்கமா பேசறீங்க."

மேடம் திரையைக் கீழே உருட்டினார். வரிகளுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் மங்கலாகக் கூட்டம் கூட்டமாக வேறு வரிகள் கிடந்தன.

"இதெல்லாம் என்ன?"

"வேண்டாத வரிங்க. அழிக்க மாட்டேன். முன்னாடி ஒரு குறி போட்டுத் தூங்க வெச்சிடுவேன். நாளைக்கு எதுக்காவது உதவும்."

"இந்த புரோகிராம் மொத்தத்துலயும் நீ எத்தனை வரியை அழிச்சிருக்க?"

அவள் தேடிப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "அந்த ஒண்ணு மட்டும்தான் அழிஞ்சிருக்கு."

"செத்த சார்ஜரைக்கூடத் தூக்கிப் போடாத கை, உயிருள்ள வரியைத் தூக்கிப் போட்டுச்சாம். இதை நம்பணுமாம்." மேடம் மகிழ்ச்சி அலுவலரைப் பார்த்தார்.

"சுபாவம் சாட்சியாகாது மேடம்" என்றார் அவர்.

"அந்த வாரம் வேற யாராவது எதையாவது அழிச்சாங்களா?"

நாத்தனார் கசப்பாகச் சிரித்தாள். "எல்லாரும்தான். எளிமை வாரம். ஆளுக்கு ஒரு வரி அழிச்சு நிறுவனத்தை லேசாக்கணும்னு கனவாளர் உத்தரவு."

அந்த வாரத்தில் நீக்கப்பட்டவை அத்தனையையும் அவள் திரையில் வரவழைத்தாள். ஸ்டெப்னி கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். பெயர் இருந்தது, நாள் இருந்தது, நாத்தனார் பெயரைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் அழித்த வரி இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை.

"என்னங்க, எதையும் காணோம்?"

"வெறும் வரி. இடைவெளிக்கு விட்டது. பைத்தியமா என்ன, ஒரு உத்தரவுக்காக, ஓடிட்டிருக்கற புரோகிராம்ல கை வெக்க? எல்லாரும் ஆளுக்கு ஒரு வெத்து வரியை அழிச்சிட்டு டீ குடிக்கப் போயிட்டாங்க."

மேடம் பட்டியலை மேலிருந்து கீழ் வரை விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். அவர் கத்தாமல் இருக்கும்போதுதான் ஸ்டெப்னிக்குப் பயம்.

"வேலை தெரிஞ்ச அத்தனை பேரும் வெத்து வரியை அழிச்சிருக்காங்க" என்றார் கடைசியில். "ஒருத்தர் மட்டும் உயிரோட இருந்ததை அழிச்சிருக்கார். ஒண்ணு, அவருக்கு வித்தியாசம் தெரியாது. இல்லைன்னா வெத்து வரியை அழிக்கறது தன் தகுதிக்குக் குறைச்சல்னு நினைக்கற ஆள்."

மகிழ்ச்சி அலுவலரின் புன்னகையில் முதல்முறையாக ஒரு பக்கம் மட்டும் இறங்கியது.

"தேதியைப் படிடா."

ஸ்டெப்னி தேதியைப் படித்தான். அண்ணியும் நாத்தனாரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள்.

"அன்னைக்கு அத்தைக்குக் கண் ஆபரேஷன்" என்றார் மேடம்.

"ஆமா."

"நீ இங்க இல்ல. காலையிலேர்ந்து ஆஸ்பத்திரி வராந்தால நின்னு என்னைத் திட்டிட்டிருந்தே."

"நீங்கதான் திட்டினீங்க! ஆபரேஷனுக்கு முன்னாடி கழட்டின அம்மாவோட பல்செட்டை நான் தொலைச்சிட்டேன்னு, நர்ஸு, வார்டு பாய், பக்கத்து பெட் காரங்க எல்லாருக்கும் கேக்கற மாதிரி!"

"தொலைச்சதாலதான் சொன்னேன்!"

"நான் தொடவே இல்ல!"

"அன்னைக்கு விடுப்புன்னு பதிவே இல்லையே" என்று குறுக்கே புகுந்தார் மகிழ்ச்சி அலுவலர். "எளிமை வாரத்துல விடுப்பு கிடையாது. அதனால ஆவணப்படி இவங்க இங்கதான் இருந்தாங்க."

"உங்ககிட்ட கேட்டுட்டுத்தானே சார் போனேன்! சிரிச்ச முகத்தோட திரும்பி வாங்கன்னு சொன்னீங்களே!"

"வாய்வார்த்தைக்கு ஆவணம் ஏது? அண்ணி சொல்ற சாட்சி எங்கயும் எடுபடாது. அதுவும்..." அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இப்படிப்பட்ட அண்ணி."

ஸ்டெப்னி அதைக் கவனிக்கவில்லை. அவன் கண் மேசையின் மூலைக்குப் போயிருந்தது. அங்கே ஒரு கோப்பை நிறையப் பேனாக்கள். கோப்பைக்குக் கைப்பிடி இல்லை. ஜன்னல் வெளிச்சம் சரியாக நாற்காலியின் மேல் விழுந்துகொண்டிருந்தது.

"அக்கா, நீங்க ஆபீஸுக்குள்ள எந்த வழியா வருவீங்க?"

"பின்வாசல். வேலை செய்யறவங்க முன்வாசல்ல வரக் கூடாது, வரவேற்பறையை நான் பார்த்ததே இல்ல. ஏன்?"

"உங்க கம்ப்யூட்டரை வேற யாராவது திறக்க முடியுமா?"

"எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டுதான். கனவாளரோட பிறந்தநாள். அதுவும் எளிமை."

ஸ்டெப்னி குனிந்து மேடத்தின் காதில் எதையோ சொன்னான். மேடத்தின் முகம் மாறியது. "போய்ப் பார்த்து, நல்லா பெருசா எடுத்துட்டு வா" என்றார். அவன் மாடிப்படிகளில் இறங்கி ஓடினான்.

சாயங்காலக் கூட்டத்தில் தலைமைக் கனவாளர் எழுந்து நின்று பேசிக்கொண்டிருந்தார். எதிரே பல் டாக்டரம்மா, தாடையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுவரோரம் ஊழியர்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். கை கட்டி நின்றிருந்த நாத்தனார் முன்னால், கையெழுத்துக்காகத் தாளும் பேனாவும் காத்திருந்தன.

"தவறு மனித இயல்பு" என்றார் கனவாளர். "பொறுப்பு நிறுவனத்தின் இயல்பு. அந்தப் பொறுப்பை முழுமையாக ஏற்று, அந்த மனிதரை நிறுவனத்திலிருந்து அனுப்பி வைக்கிறோம்."

கதவைத் தட்டாமல் மேடம் உள்ளே வந்தார். பின்னால் மூச்சிரைக்க ஸ்டெப்னி. மேடம் கத்தப்போகிறார் என்று அவன் காதைத் தயாராக வைத்திருந்தான். ஆனால் மேடத்தின் குரல் தேனாக வந்தது. அவன் ஓரடி பின்வாங்கினான்.

"மன்னிக்கணும் சார். கீழே உங்க படத்தைப் பார்த்தேன். எவ்ளோ கம்பீரம்! ஆனா மேல சிலர் தப்பாப் பேசறாங்க சார். எனக்கே கஷ்டமா போச்சு."

"என்ன பேசறாங்க?"

"அது சும்மா போட்டோவுக்குப் போஸாம். கம்ப்யூட்டரே ஓடலையாம். உங்களுக்கு புரோகிராம் பக்கமே போகத் தெரியாதாம்."

கனவாளரின் கழுத்து சிவந்தது. மகிழ்ச்சி அலுவலர் "சார்..." என்று எழுந்தார். கனவாளர் கையாலேயே அவரை உட்கார வைத்தார்.

"எவன் சொன்னது? நான் நடிக்கற ஆள் இல்ல! நிஜ மேசை, நிஜ புரோகிராம். இவங்க எல்லாம் வெத்து வரியைக் காட்டி என்னை ஏமாத்தப் பார்த்தாங்க. வேண்டாம்னு சொல்லி நானே தேடி, இருக்கறதுலயே நீளமான வரியா பார்த்து என் கையால அழிச்சேன். ஒவ்வொரு எழுத்தும் தெரியற மாதிரி படம் எடுக்கச் சொன்னதே நான்தான்!"

"ரொம்ப நன்றி சார்" என்றார் மேடம். தேன் தீர்ந்துவிட்டது. "ஸ்டெப்னி, போடு."

சுவர்த் திரையில் அந்தப் படம் விரிந்தது. விரல், கோப்பை, ஜன்னல். ஸ்டெப்னி கம்ப்யூட்டர் திரையிருந்த பகுதியை மட்டும் பெரிதாக்கினான். அழியப்போகும் வரி நீல நிறத்தில் மின்னியது. அதற்கு நேர் மேலே, எழுதியவள் வைத்த ஒரு குறிப்பு. பல் டாக்டரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார்.

"'கீழே உள்ள வரியை யாரும் நீக்க வேண்டாம். நீக்கினால் எடுபிடி பலகையைத் தாண்டிப் போய், அந்தப் பக்கம் இருப்பதை எல்லாம் அழித்துவிடும்.'"

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றாமலேயே கனவாளர் பக்கம் திரும்பினார்.

"அது... ஒரு அடையாளச் செயல்" என்றார் கனவாளர். "எளிமையோட ஆன்மாவை நாம..."

"பல்லைப் பிடுங்கறதுக்கு முன்னாடி எந்தப் பல்லுன்னு நாங்க வாயைத் திறந்து பார்ப்போம்" என்றார் டாக்டரம்மா. "நீங்க எழுதியே ஒட்டியிருந்ததைப் படிக்காம பிடுங்கியிருக்கீங்க. அப்புறம் பல்லு மேல பழி போடறீங்க." அவர் நாத்தனார் பக்கம் திரும்பினார். "கிளை கிளையா போய்ப் படங்களைத் திரட்டணும். இந்தப் பொண்ணு வந்தா என் ஆளுங்க ஒத்துழைப்பாங்க. இவங்க இந்த வேலையில இல்லைன்னா, என் வக்கீல் வருவார்."

மகிழ்ச்சி அலுவலர் அவசரமாக நாத்தனாரைப் பார்த்துப் புன்னகைத்தார். அது வரவேற்கும் புன்னகை.

"சிரிக்காதீங்க" என்றாள் அவள். கட்டியிருந்த கையைப் பிரித்தாள். "அன்னைக்கு இத்தனை பேர் நின்னு கை தட்டியிருக்கீங்க. நேத்துலேர்ந்து என்னைத் திருடி மாதிரி உக்கார வெச்சிருக்கீங்க. ஒருத்தர்கூட வாய் திறக்கல. என் வேலை எனக்கு வேணும், அதனால இருக்கேன். ஆனா இனிமே நான் முன்வாசல் வழியாத்தான் வருவேன்."

மேடம் அந்த ஒப்புதல் தாளை எடுத்து இரண்டாகக் கிழிக்கப் போனார். நாத்தனார் வெடுக்கென்று பிடுங்கினாள். "கிழிக்காதீங்க. பின்பக்கம் காலியாத்தான் இருக்கு, எதுக்காவது உதவும்."

கீழே வண்டி நிறுத்துமிடத்தில் இருவரும் எதிரெதிரே நின்றார்கள். நன்றி சொல்வதும் கட்டிக்கொள்வதும் நடக்கும் என்று எதிர்பார்த்த ஸ்டெப்னி நாலடி தள்ளி நின்றான்.

"உதவிக்கு நன்றி" என்றாள் நாத்தனார். "ஆனா ஒண்ணு சொல்லணும் அண்ணி. அந்த ஆள் செஞ்சதுக்கும் நீங்க செஞ்சதுக்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியல. அவர் தொலைச்சதை என் தலையில கட்டினாரு. ஆஸ்பத்திரியில நீங்களும் அதேதான் பண்ணீங்க. அம்மா புதுப் பல்செட் போட்டப்பறமும் உறவுக்காரங்க வந்தா, 'பழசை இவதான் தொலைச்சா'ன்னு சொல்லிக் காட்டறாங்க. நான் அதைத் தொடவே இல்ல."

ஸ்டெப்னி காதைப் பொத்திக்கொண்டான். சத்தம் வரவில்லை.

"சரி, விடு" என்றார் மேடம், யாருக்கோ சொல்வது போல. "பழசைக் கிளறாதே."

"விட மாட்டேன். எனக்குப் பதில் வேணும்."

மேடம் எதிலிருந்தோ தப்பிப்பது போலத் திரும்பி, அதுவரை யாரையும் தொட விடாத கைப்பையை ஸ்டெப்னியின் கையில் திணித்தார். "நின்னு வேடிக்கை பார்க்காதே. சாவியை எடு, வண்டியைத் திருப்பு."

ஸ்டெப்னி வெளி ஜிப்பைத் திறந்து துழாவினான். சாவி இல்லை. உள் ஜிப்பைத் திறந்தான். அங்கேயும் சாவி இல்லை.

வெள்ளைக் கைக்குட்டையில் சுற்றி ஒரு பல்செட் இருந்தது.